கொடியில் காய்ந்த சேலையும் படத்துக்காரியும்

எங்கள் லைன் வீட்டு வாசலில் இழுத்துக் கட்டியிருக்கிற கொடிக்கம்பியில் காயப்போட்ட சேலைகளை, எதிர்த்த தறிக்குடோனில் விற்பனைக்கு வைத்திருந்த படத்துக்குள் நிற்கிற பொம்பளை மத்தியான நேரத்தில் எடுத்துக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது, நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது அவளை அல்ல, ஒருத்தரை ஒருத்தர்தான்.

தறிக்குடோன் என்று பேர்தானே தவிர அதில் தறி ஓடி ரொம்ப நாளாகிவிட்டது. தறியையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு முதலாளி திருப்பூர்ப் பக்கம் போனபின், தறி ஓட்ட வந்த நாங்கள் மட்டும் வேறே வேலைகளுக்குப் போய்க்கொண்டு அதே லைன் வீடுகளில் அப்படியே இருந்தோம், குடோனும் எதிரே ஷட்டரை இறக்கிக்கொண்டு அப்படியே இருந்தது. அதைத்தான் திருமூர்த்தி என்கிற ஓவியர் வாடகைக்குப் பிடித்தார். உடுமலைப் பக்கத்து ஆள், நாற்பது வயசிருக்கும், தாடி, பெயிண்ட் ஒட்டின லுங்கி, பீடி சிகரெட் கிடையாது, டீ மட்டும்தான். அந்த டீயிலேயே ராசாமணி அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கெட்ட பழக்கம் ஒண்ணுமே இல்லாத ஆம்பளை எதுக்கு அம்மிணி இந்தக் காட்டுக்குள்ள வந்து கெடக்கறான்?" என்று என்னைக் கேட்டாள்.

ராசாமணி அக்கா முதல் வீடு, நான் அடுத்த வீடு. அவள் பால் வாங்கும்போது பாத்திரத்தைப் பார்க்க மாட்டாள், ஊற்றுகிறவன் கையைத்தான் பார்ப்பாள். அவளோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் பார்வை வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் மயில்சாமி சொல்வார். அவர் பால் வண்டி ஓட்டுகிறவர், அந்தப் பார்வையை அவருக்குப் பிடிக்காதது நியாயம்தான்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் திருமூர்த்தி ஷட்டரைத் தூக்கி, கதவளவு உயரமுள்ள ஒரு படத்தைத் தெருவைப் பார்க்க நிறுத்தி, பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தார். காடு தோட்டம் விற்கிறவர்கள் வைக்கிற மாதிரிப் பலகை. "விற்பனைக்கு. அசல் ஓவியம். வரைந்தவரிடமே நேரடியாக வாங்கலாம். புரோக்கர் தேவையில்லை."

படத்தில் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு இறங்குகிற படி, படியில் குளித்து ஏறி நிற்கிற ஒரு பொம்பளை. பாவாடையை மாருக்கு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறாள், இரண்டு கையாலும் கூந்தலைப் பிழிகிறாள், பிழிந்த தண்ணீர் படியில் சொட்டுகிறது. கால்மாட்டில் ஒரு சோப்பு டப்பா, அதில் பிரிக்காத மாதிரிப் புத்தம் புதுசாக ஒரு ரோஸ் சோப்பு, ஒரு பிளாஸ்டிக் மக், பக்கத்தில் துவைக்கிற கல். முகம் பாதி திரும்பி, எதையோ கேட்க வாயெடுத்து, கேட்கலாமா வேண்டாமா என்று நிற்கிற முகம்.

நாங்கள் எல்லோரும் போய் நின்று பார்த்தோம். பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம். யார் இவள்?

"யாருமில்லீங்க, எம் மனசுல தோணின உருவமுங்க" என்றார் திருமூர்த்தி.

"மனசுல தோணினவளுக்குக் கெண்டைக்கால்ல எதுக்குத் தம்பி மச்சம்?" என்றாள் ராசாமணி அக்கா.

அன்றைக்கு லைன் வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் கெண்டைக்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டோம். சில வீடுகளில் ஆம்பளைகளும் பார்த்தார்கள். மயில்சாமி படத்துக்கு முன்னால் நின்றது கொஞ்சம் அதிக நேரம்.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்றேன்.

"தண்ணி எவ்வளவு தத்ரூபமா இருக்குது பாரு மைனா."

"தண்ணியத்தான் பாக்கறீங்களா?"

"நம்ம மடைக்கு இத்தனை தண்ணி என்னிக்கு வந்துது?" என்று சொல்லிக்கொண்டே பால் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இப்படி இருக்கையில்தான் ராசாமணி அக்காவின் ரோஸ் கலர் பூனம் சேலையும் அதோடு சேர்த்துக் காயப்போட்ட ஜாக்கெட்டும் கொடியிலிருந்து காணாமல் போயின. பட்டப்பகல், சோறு தின்றுவிட்டு எல்லோரும் கண் அசருகிற நேரம். அவள் வாசலில் நின்று எடுத்தவளின் கை, எடுத்தவளின் குடும்பம், எடுத்தவளின் மாடு கன்று எல்லாவற்றையும் வரிசையாகச் சபித்தாள். சபிக்கும்போது என் வீட்டுக் கதவைப் பார்த்துச் சபித்தாள். கொடியில் அவள் முனையும் என் முனையும் ஒட்டித்தான் இருக்கும். எனக்குக் கோபம் வந்து, என் கைக்குழந்தை தன்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாங்க, எம் பீரோவைத் தொறந்து பாருங்க" என்று சொல்லப் போனவள், எதிரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவந்ததை விட்டுவிட்டேன்.

படத்துக்காரி அந்த ரோஸ் சேலையைக் கட்டியிருந்தாள். கொசுவம் ஒழுங்காக வைத்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி கட்டியிருந்தாள்.

ராசாமணி அக்கா கிட்டே போய் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். பெயிண்ட்தான். ஆனால் அந்தப் பெயிண்டிலேயே குழம்பு சிந்தின மஞ்சள் கறையும், இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பும் அவளுடைய சேலையில் இருந்த இடத்திலேயே இருந்தன.

"ஏந் தம்பி, எஞ்சேலையப் பாத்து வரைஞ்சயா, இல்ல எடுத்து ஒட்டிவெச்சயா?"

"நான் தொடவேயில்லீங்க்கா. டீ குடிக்கப் போயிட்டு வந்து பாத்தா இப்படி நிக்கறாங்க."

யாரும் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் அந்தச் சேலை கொடிக்கே திரும்பி வந்து, சொட்டச் சொட்ட ஈரமாக, நாங்கள் யாரும் வாங்காத ஒரு சோப்பின் வாசனையோடு தொங்கியது. படத்துக்காரி கடைசி வீட்டுச் சேலைக்கு மாறியிருந்தாள். அதற்கடுத்த நாள் அதுவும் துவைத்துத் திரும்பிவந்து, வேறொன்று போயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் யாரும் இதைப் பார்த்து மயங்கி விழவில்லை, டிவிக்காரர்களுக்குப் போன் போடவும் இல்லை. அவரவருக்கு ஆகவேண்டிய வேலை இருந்தது, அந்த வேலைகளுக்கு நடுவில் சந்தேகப்பட்டோம், அவ்வளவுதான். முதலில், துவைத்த சேலையை மறுபடி துவைத்துத் தருகிறாளே, நாம் துவைத்தது சுத்தமில்லை என்கிறாளா என்று சந்தேகம். பிறகு ராசாமணி அக்கா தன் ரோஸ் சேலையை வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டு, அந்த மஞ்சள் கறை போயிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கடுத்து, எந்த சோப்புக்கும் போகாத வாழைக்கறை போயிற்று. அதன்பிறகு வாழைத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் கறைபிடித்த சேலையைத் துவைக்காமல் கொள்ளாமல் நேராகக் கொண்டுவந்து கொடியில் போட ஆரம்பித்தார்கள், பக்கத்து ஊரிலிருந்துகூட இரண்டு பேர் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள், கொடியில் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. அவளோ அழுக்குச் சேலையை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலிருக்கிற நல்ல சேலையைத்தான் எடுத்தாள், அதில் ஏதாவது பழைய கறை இருந்தால் அதைத்தான் போக்கினாள். தன் மகளின் கல்யாணப் பட்டை ஒருத்தி குச்சியும் கையுமாகக் காவல் நின்று காயப்போட்டுப் பார்த்தாள், படத்துக்காரி அதைத் தொடவில்லை. "நல்லது கெட்டது தெரிஞ்சவ" என்றார்கள் சிலர். "சாயம் போகும்னு தெரிஞ்சவ" என்றாள் ராசாமணி அக்கா.

அவள் எந்த வீட்டுச் சேலையைக் கட்டுகிறாளோ அந்த வீட்டு ஆம்பளை அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு குடோனைத் தாண்டவேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு கட்டுப்பாடு வந்தது. ஜாக்கெட் தைக்கிறவர்கள் அவள் ஜாக்கெட்டைப் பார்த்து அதேபோலக் கழுத்து வெட்டினார்கள். ஒரு சேலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாதவர்கள், அதுபோல ஒன்றை இரவல் வாங்கிக் கொடியில் போட்டு, அவள்மேல் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

திருமூர்த்திக்குத்தான் பாடு. வாரக்கணக்காக ஒருத்தரும் வாங்க வரவில்லை. வந்த ஒரே ஒரு ஆளும் அவள் நைட்டி போட்டு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற அன்றைக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயே ரெண்டு பேரு இப்படித்தானுங்க நிக்கறாங்க, இதுக்குக் காசு குடுத்து மூணாவதா ஒருத்தரை வேற கூட்டிட்டுப் போகணுங்களா?" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார். இந்தப் படமும் போகவில்லையென்றால் மச்சினனின் பெயிண்ட் கடையில் உட்காரவேண்டியதுதான் என்று திருமூர்த்தி என்னிடம் வருத்தப்பட்டார். இன்னொன்றும் சொன்னார், படத்திலிருக்கிற சோப்பு நாளுக்கு நாள் கரைகிறதாம், தான் முழு சோப்பு வரைந்தாராம். நான் அவர் கையைப் பார்த்தேன். அவரே அழித்திருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

இவ்வளவு நடந்தும் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தொட்டில் சேலை போகிற வரைக்கும்.

தொட்டில் சேலை என்றால், என் அம்மா கட்டிக் கட்டிப் பஞ்சுமாதிரி ஆகிப்போன பச்சைக் கைத்தறிச் சேலை, அரக்குக் கரை போட்டது. பிரசவம் முடிந்து நான் பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா தந்துவிட்டது. என் மகள் தன்யா அதில் போட்டால்தான் தூங்குவாள். மடியில் தூங்க மாட்டாள், பாயில் தூங்க மாட்டாள், கடையில் வாங்கின ஸ்பிரிங் தொட்டிலில் போட்டால் கொதிக்கிற சட்டியில் போட்டதுபோலத் துள்ளுவாள். அந்தச் சேலையில் கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. தூக்கம் வரும்போது அந்த ஓட்டையைத் துழாவிக் கண்டுபிடித்து, ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டுக்கொண்டு, அதன்பிறகுதான் கண்ணை மூடுவாள். சேலையில் வேறே கிழிசலும் எலி கடித்ததும் நிறைய இருந்தன, தைக்க எனக்கு நேரமில்லை.

மூத்திர நாற்றம் தாங்காமல் அதை ஒரு நாள் அலசி, வீட்டுக்குள் காயப்போட இடமில்லாமல், கிழிசலை எவள் எடுப்பாள் என்கிற தைரியத்தில் கொடியில் போட்டேன். தன்யாவுக்குப் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் கொடி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. எதிரே அவள் என் பச்சைச் சேலையில் நின்றாள். வயிற்றெரிச்சலாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அதுவரை கட்டின எந்தச் சேலையும் அவளுக்கு அப்படிப் பொருந்தினதில்லை. வாய்க்கால் தண்ணீரே அந்தச் சேலைக்காகத்தான் அந்த நிறத்தில் ஓடுகிறதென்று தோன்றியது.

திருமூர்த்திக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் அனுப்பிவிட்டார். மறுநாள் காலையிலேயே கோயம்புத்தூரிலிருந்து ஹேமலதா என்கிற அம்மா காரில் வந்து இறங்கினார். புது பங்களா கட்டியிருக்கிறவர், கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கிட்டேயும் தூரத்திலும் நின்று பார்த்தார்.

"இதேதான் சார். இந்தப் பச்சை, இந்தக் கரை. ஒரு நூல் மாறினாலும் எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை டெம்போ கொண்டாறேன்."

அவர் போனதும் திருமூர்த்தி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஞாயிறு வரைக்கும் அவங்க சேலை மாத்தாமப் பாத்துக்கோணுமுங்க. மறுபடி நைட்டிக்குப் போயிட்டாங்கன்னா எம் பொழப்பு போச்சு. ஆளுக்குக் கொஞ்ச நேரம் காவலிருங்க."

"ஏனுங்ணா, அது எங்க தொட்டில்" என்றேன் நான்.

"புதுச் சேலையே எடுத்துத் தந்தர்றேன் அம்மிணி."

"புதுச்சேலையில தூங்க அவளென்ன கல்யாணப் பொண்ணா?"

என் பேச்சு எடுபடவில்லை. ஊரே காவலுக்குக் கிளம்பிவிட்டது. திருமூர்த்தி படத்துக்காரியைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்தார். ராசாமணி அக்கா திருமூர்த்தியைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்தாள். ஆம்பளைகள் உட்கார்ந்தார்கள், அவர்களைச் சந்தேகப்பட்டு அவர்கள் பெண்டாட்டிகள் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, டேபிள் ஃபேன் வந்தது, டீ வந்தது. பகலிலும் இரவிலும் யாராவது ஒருத்தர் கண் அவள் மேல் இருந்துகொண்டே இருந்தது. அவள் மாற்றவில்லை. பச்சைச் சேலையிலேயே நின்றாள்.

தன்யா தூங்கவில்லை. எங்கள் வீட்டுச் சேலைகளையெல்லாம் கட்டிப் பார்த்தேன், அக்கம்பக்கத்துச் சேலைகளையெல்லாம் கட்டிப் பார்த்தார்கள், அவள் விரல் ஓட்டையைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்று தெரிந்ததும் வில்லாக வளைந்து கத்தினாள். குரல் கம்மி, கண்ணுக்குக் கீழே கருத்து, பால்கூடச் சரியாகக் குடிக்காமல், ஒரு பிடி எடை குறைந்துபோனாள். மயில்சாமி ஒரு சேலையில் கத்திரிக்கோலால் ஓட்டை போட்டுக் கட்டினார். தன்யா விரலை விட்டுப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து அழுதாள். இப்படியே போனால் குழந்தைக்கு என்னாகுமோ என்கிற பயம் எனக்குள் இறங்கிவிட்டது. அந்தச் சேலை கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. பின்னாலேயே ஹேமலதாவின் கார். நான் தன்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷட்டருக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"படம் போகட்டுமுங்க. எஞ்சேலை போகக்கூடாது."

ஹேமலதா என்னைப் பார்த்தார், பிறகு திருமூர்த்தியைப் பார்த்தார். "என்ன சார், விலையை ஏத்தறதுக்கு ஆள் செட் பண்ணியிருக்கீங்களா?"

"ஏனுங்கம்மா, அழுகறதுக்குக் கொழந்தையையுமா செட் பண்ணுவாங்க?" என்றாள் ராசாமணி அக்கா. என் கதவைப் பார்த்துச் சபித்தவள் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆளாளுக்குப் பேச, சத்தம் ஏறியது. தன்யா எல்லாச் சத்தத்துக்கும் மேலே அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் படத்துக்காரியைப் பார்த்தேன், உன்னால்தானே எல்லாம் என்று கேட்கிற மாதிரி. அப்போதுதான் கிட்டே இருந்து ஒழுங்காகப் பார்த்தேன். கூந்தல் பிழிந்த அவள் கைகள் இப்போது கழுத்தடியில் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன. நாற்காலிகளையும் ஃபேனையும் டீ கிளாஸ்களையும் எங்கள் எல்லோரையும் பார்த்தபடி, கூனிக்குறுகி நின்றாள். பஸ் ஸ்டாண்டில் நான் தன்யாவுக்குப் பால் கொடுக்கும்போது நிற்கிறவர்கள் நகராமல் நின்றால் எப்படிப் பிடிப்பேனோ அப்படிப் பிடித்திருந்தாள். துவைக்கிற கல் அவளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"ஏனுங்ணா" என்றேன் திருமூர்த்தியைப் பார்த்து. "குளிக்கப் போறவ மாத்துத்துணி எடுக்காமப் போவாளுங்களா? சோப்பு வரைஞ்சிருக்கறீங்க, மக்கு வரைஞ்சிருக்கறீங்க. கல்லு மேல ஒண்ணையுமே காணமே?"

"அந்த வெற்றிடம்தான் அம்மிணி படமே."

"உங்களுக்கு வெற்றிடம். அவளுக்கு ஈரப்பாவாடை."

ராசாமணி அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடக் கெரகமே, அதுக்குத்தான் தெனமும் நம்ம கொடிக்கு வந்திருக்கறா" என்றாள்.

"வேணும்னா நான் ஒரு சேலையை மடிச்சுக் கல்லு மேல வரைஞ்சர்றேன்" என்றார் திருமூர்த்தி, சுரத்தே இல்லாமல்.

"வரைஞ்சு என்ன பண்றது? நாம இத்தனை பேரு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா அவ எப்படி மாத்துவா?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. எல்லோரும் கண் அசருகிற மத்தியானத்தில்தான் அவள் மாற்றியிருக்கிறாள். காவல் போட்ட அன்றிலிருந்து மாற்றவில்லை. என் சேலையை அவள் வைத்துக்கொள்ளவில்லை, நாங்கள்தான் அவளைக் கழற்ற விடவில்லை.

தன்யாவை ராசாமணி அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, தீபாவளிக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலைக்காத கத்திரிப்பூக் கலர் சேலையையும், மறைப்புக்கு ஒரு பழைய சேலையையும் எடுத்துவந்தேன். புதுசைப் படத்தின் மேல்சட்டத்தில் போட்டேன். வாய்க்காலில் நாங்கள் குளிக்கும்போது ஒருத்தி துணி மாற்ற, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகச் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்போம். அதேபோல ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனைக்கு ஆள் வேண்டும். ராசாமணி அக்காவின் கையில் குழந்தை, மற்றவர்களுக்குக் கிட்டே வரப் பயம். பக்கத்தில் நின்றது ஹேமலதாதான்.

"நீங்க பிடிங்க்கா."

"நானா?" அவர் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்கிற பார்வை. ஆனாலும் கைப்பையை டெம்போ டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்து முனையைப் பிடித்தார்.

"எல்லாரும் திரும்புங்க" என்றேன். நாற்காலிகள் திரும்பின. திருமூர்த்தி சுவரைப் பார்த்து நின்றார். மயில்சாமி திரும்பியது கொஞ்சம் மெதுவாக.

"ஏனுங்க, செவுத்தப் பாருங்க."

"செவுத்தைத்தான் பாக்கறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துணி உரசுகிற சத்தம், வளையல் சத்தம். பிறகு கல்லில் துணி அடிக்கிற சத்தம், தப்பு தப்பென்று, நிதானமாக.

"கை வலிக்குதுங்க" என்றார் ஹேமலதா, எங்கோ பார்த்தபடி.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. ரெண்டாந்தடவை அலசறா."

தண்ணீரில் முக்கி எடுக்கிற சத்தம் கேட்டது, முறுக்கிப் பிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் மறைப்புக்கு மேலே ஈரச்சேலை ஒன்று எகிறிவந்து என் தலையில் விழுந்தது. பச்சைச் சேலை, அரக்குக் கரை. என் முகத்திலும் ஹேமலதாவின் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. அவர் துடைக்கக் கை எடுக்கவில்லை. முனையை விட்டால் மறைப்பு போய்விடுமே என்று அப்படியே பிடித்திருந்தார்.

உள்ளே சத்தமெல்லாம் அடங்கினபின் மறைப்பை இறக்கினோம். படத்துக்காரி கத்திரிப்பூச் சேலையில், கூந்தலை முடிந்துகொண்டு, கையைக் கீழே விட்டு நேராக நின்றாள். எதையோ கேட்கவந்த முகம் இப்போது கேட்டு முடித்த முகமாக இருந்தது. ஈரம் ஒரு சொட்டுகூட இல்லை.

எல்லோரும் ஹேமலதாவைப் பார்த்தோம். ஒரு நூல் மாறினாலும் வேண்டாம் என்றவர். திருமூர்த்தி பெயிண்ட் கடையையே நேரில் பார்த்துவிட்டவர் மாதிரி நின்றார். ஹேமலதா கிட்டே போய், தூரப் போய், மறுபடி கிட்டே வந்தார்.

"கொசுவம் இன்னும் ஒரு மடிப்பு வெச்சிருக்கலாம்" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "பாத்துத் தூக்குங்க, சாய்க்காம" என்றார். பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்ல மொட்டமாடியிலதான் துணி காயப்போடுவோம். ஏதாவது..." என்று இழுத்தார்.

"பட்டுன்னா பயப்படாதீங்க" என்றேன்.

நான் தொட்டில் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டிச் சோதித்தேன். இத்தனை நாள் கட்டியிருந்தவள் எதையாவது கிழித்திருப்பாளோ என்றுதான் பார்த்தேன். எலி கடித்த இடமெல்லாம் இழை தெரியாமல் தைத்திருந்தது. கிழிசலெல்லாம் அடைந்திருந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்தபோது என் விரல் நின்றது. அந்த ஓட்டையை மட்டும் அவள் அடைக்கவில்லை. அது மேற்கொண்டு கிழியாதபடி, வாய்க்கால் தண்ணீரின் நிறத்தில் ஒரு நூல் எடுத்து, பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற மாதிரிச் சுற்றிலும் ஓரம் அடித்திருந்தாள். நூலை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஈரத்தோடேயே விட்டத்தில் கட்டி, தன்யாவை அதில் போட்டேன். அவள் தேம்பிக்கொண்டே துழாவினாள், கண்டுபிடித்தாள், விரலை விட்டாள், ஒரு பெருமூச்சு விட்டாள். ராசாமணி அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "நடிக்கறாளா, நெசமாவே தூங்கறாளா?" என்று கேட்டாள். நெசமாகவே தூங்கினாள்.

ராசாமணி அக்காவைத் தொட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு நான் மறுபடி குடோனுக்கு ஓடினேன். படத்துக்குப் பாதிவரை போர்வை சுற்றியிருந்தார்கள். கால்மாட்டில் சோப்பு டப்பா தெரிந்தது. அதில் சோப்பு என்று சொல்ல ஒரு வேப்பிலை அளவுக்கு, கண்ணாடி மாதிரி, ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கறையெல்லாம் போக்கினது அந்த சோப்புதான்.

"ஏனுங்ணா, புதுசா ஒரு சோப்பு வரைஞ்சு அனுப்புங்க."

"வித்த படத்துல கை வைக்கக்கூடாதுங்க அம்மிணி" என்றார் திருமூர்த்தி.

"வரையுங்க சார்" என்றார் ஹேமலதா.

டெம்போவை நிறுத்திவைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அவர் ரோஸ் கலரைக் குழைத்தார். பிரஷை எடுத்துக்கொண்டு குனிந்தார். நான் நகரவில்லை. பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, முழு சோப்பாக வரைகிறாரா, அவசரத்தில் பாதியோடு நிறுத்திவிடுவாரா என்று, பால் ஊற்றுகிறவன் கையைப் பார்ப்பதுபோல, கடைசிவரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.